அசனத்துக்கு உப்புப் பார்த்த அக்கா

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுநாள் காலையிலேயே போன் வரும்: "ஏட்டி, நான் ஒனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" அதனால் நர்ஸக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படிச் சொன்னால் ஒரே ஆள்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் மூன்று தலைமுறைக்கு ஊசி போட்டவள். என் கையில் அம்மைத் தழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் குழியும் அவள் உபயம்தான்.

அவளிடம் ஒரு பெரிய குறை இருந்தது. வாயில் பொய் வராது. ஒப்புக்குக்கூட வராது.

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஓடி வருவார்கள். "அக்கா, சரியாப் போயிருமா?" என்று கேட்டால் வேறு எந்த நர்ஸும் "எல்லாம் சரியாப் போயிரும், கடவுள் இருக்காரு" என்பாள். இவள் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே, "தெரியல. நாளைக்குக் காலையில பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்பாள். சொன்னபடி இருப்பாள். ஆனாலும் அந்த முதல் வார்த்தைதான் ஊருக்குள் பரவும். "ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா வாய் வலிக்குமா இவளுக்கு?" என்று என் அம்மாவே எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள்.

என் அம்மாவுக்குச் சொந்தக் கோபமும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோட்டயம் போய் எடுத்து வந்த ஊதா சேலையைக் கட்டிக்கொண்டு, எங்கள் சபைக் கோயில் வாசலில் வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். நர்ஸக்கா ஏற இறங்கப் பார்த்து, "சேல நல்லாருக்கு மதினி. ஆனா ஒங்களுக்கு வயசக் கூட்டிக் காட்டுது" என்றாள். அம்மா புத்தாண்டு வரைக்கும் அவளோடு பேசவில்லை. சேலை இப்போதும் பீரோவில் அடியில் கிடக்கிறது.

இதெல்லாம் சொல்லுவார்கள். ஆனால் அவள் "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அப்புறம் யாரும் பயந்ததில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள்.

இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் சபை அசனத்துக்கு உப்புப் பார்க்க வைத்திருந்தது. அசனம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள், அறுப்பின் பண்டிகையை ஒட்டி, கோயில் வளாகத்தில் குழியடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவது. எங்கள் பாட்டன்மார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறும்போது துணிமூட்டையோடு கொண்டுவந்த வழக்கம். மாரியம்மன் கோயில்காரர்களும் வருவார்கள், கடைவீதி ராவுத்தர் குடும்பமும் வரும்.

அதில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அசனச் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது. அது கடவுளுக்கு என்று ஆக்கியது. கல் கடிபட்டாலும் விழுங்கிவிட்டு "ஸ்தோத்திரம்" சொல்ல வேண்டும். சமையல் முடிகிற நேரத்தில் இது பெரிய ஆபத்து என்று யாரோ பழைய ஆள் ஒருவருக்குப் புரிந்திருக்கிறது. அதனால்தான் உப்புப் பார்க்க என்று தனியாக ஒரு ஆள். அந்த ஒருவர் மட்டும் குறை சொல்லலாம். அவர் சரி என்று சொன்ன பிறகு அவரே ஜெபம் பண்ணுவார், பிறகுதான் பந்தி. நர்ஸக்கா குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள், வாயைக் கொப்பளிப்பாள், மறுபடியும் நக்குவாள். சமையல்காரர் கைகட்டி நிற்பார். அவருக்கு பிஷப் வந்தால்கூட அவ்வளவு பயம் கிடையாது.

இனி அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் சபையில் உபதேசியாராக இருந்தவர். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், மாதம் ஒருமுறை மலையேறி வருவார், மற்ற ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்துவது இவர்தான். மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் கோயில் பெட்ரோமாக்ஸை இரவல் கொடுத்தவர். படைத்த பொங்கலைக் கிறிஸ்தவன் சாப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "நெய் விட்டிருந்தா சாப்பிடலாம்" என்றவர். அவர் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி கேட்டாக வேண்டும். பதில் தெரிந்தால் சொல்லுவார். தெரியாவிட்டால், "எனக்கும் அதுதான் புரியல, மக்கா. ஜெபம் பண்ணுவோம்" என்பார். நரகம் என்ற வார்த்தையை அவர் பிரசங்கத்தில் நான் கேட்டதே இல்லை.

எங்கள் வீடும் ஏறக்குறைய அப்படித்தான். அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, ஆனால் ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை என்று எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. அதுதான் பிறகு எனக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது. பயமுறுத்தி வளர்த்திருந்தால் கோபித்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன். பாலக்காட்டில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, இரண்டாம் வருஷம், ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடினேன். சொல்ல எதுவும் இல்லை. எதுவும் நடந்துவிடவில்லை, யாரும் சாகவில்லை, எந்தப் புத்தகமும் என்னைக் கெடுக்கவில்லை. இருந்தது இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். யாரிடம் கோபப்பட? அன்பாக வளர்த்தவர்களிடம் இதை எந்த முகத்தோடு சொல்ல? விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அம்மா பக்கத்தில் நின்று, கடவுளை நம்புகிறேன் என்று சபையே சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு எரிச்சலாக வரும்.

அப்படிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பக்கத்தில் நின்ற நர்ஸக்காவைக் கவனித்தேன். அவள் வாய் ஒரு வரியில் அசைந்தது, அடுத்த வரியில் மூடிக்கொண்டது. முதலில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் மூடினாள். அடுத்த விடுமுறையில் வந்து பார்த்தால் இன்னும் இரண்டு வரி குறைந்திருந்தது. நம்புகிற வரியை மட்டும் சொல்லுகிறாள்! கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பரிசுத்தவான்களின் ஐக்கியத்தைப் பற்றி, அதாவது சபையார் எல்லாரும் ஒன்று என்று, வருகிற துண்டு. அதுவரை சும்மா நின்றுவிட்டு, அந்த இடம் வந்ததும் தெளிவாகச் சொல்லி, மறுபடி வாயை மூடிக்கொள்வாள்.

வெளியே வரும்போது, "ஏன்க்கா, அத மட்டும்?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒனக்கு ஆராதனையில இதுதான் சோலியா?" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "அது கண்ணால தெரியுதுட்டி. வெறகு வெட்ட யாரு வாரா, ஆட்ட யாரு உரிக்கா, பந்தி முடிஞ்சி எச்சி எலைய யாரு எடுக்கா, எல்லாம் தெரியுதுல்லா. மத்தது தெரியல. தெரியாதத எப்படிச் சொல்லட்டும்?" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பிரமாணத்தில் வாயை மூடினால் பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும்தான் தெரியும். இராப்போஜனத்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, எழுந்திருக்கவில்லை என்றால் கோயிலுக்கே தெரியும். மூன்று மாதம் அவள் எழுந்திருக்கவில்லை. மொத்த வரிசையும் முன்னால் போக, அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். போதாக்குறைக்குக் காதில் கம்மல் இல்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பெந்தெகொஸ்தேக்குப் போய்விட்டாள்! ரோட்டோரம் தகரக் கொட்டகையில் புதிதாக ஒரு ஜெபவீடு தொடங்கியிருந்தார்கள். நகை போட மாட்டார்கள், வெள்ளை உடுத்துவார்கள், பழைய ஞானஸ்நானம் செல்லாது என்று ஆற்றில் மறுபடி முக்கி எடுப்பார்கள். எங்கள் சபையிலிருந்து இரண்டு குடும்பம் ஏற்கெனவே போயிருந்தது.

"கம்மலக் கழட்டிட்டாளாம். வெள்ளச் சேல வேற" என்றாள் அம்மா.

"அது அவ யூனிபார்மும்மா. நான் பொறந்ததுலருந்து அதத்தான் கட்டுதா."

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

அசனத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, அவளை மீட்டுக்கொண்டு வர ஒரு குழு கிளம்பியது. அம்மா, சபைச் செயலாளர் மாமா, அந்த வருஷம்தான் வந்திருந்த இளவயசு ஐயர். பின்னால் பழச்சீப்பைத் தூக்கிக்கொண்டு நான். நர்ஸக்காவின் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் அவள் அப்பா, உபதேசியார் தாத்தா, நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் காது போய் ரொம்ப நாளாகிவிட்டது. எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நர்ஸக்கா எல்லாருக்கும் பால் விடாத கட்டன் டீ போட்டுக் கொடுத்தாள். செயலாளர் மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"முழுக்கு எடுத்துட்டியாமே?"

"முழுக்கா? எங்க?"

"ஆத்துல!"

"இந்தக் குளிருலயா? மாமா, எனக்குத் தலையில நீர் கோத்த ஒடம்பு. வெந்நீர்ல குளிச்சாலே ரெண்டு நாள் தும்முவேன்."

"அப்ப கம்மல் எங்கட்டி?" இது அம்மா.

நர்ஸக்கா காதை மடக்கிக் காட்டினாள். நான்கு தையல். தடுப்பூசி போட வந்த கைக்குழந்தை இழுத்த இழுப்பில் காதுமடல் கிழிந்திருந்தது. அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழச்சீப்பால் மறைத்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் இராப்போஜனம் எடுக்கல?" என்று மாமா விடவில்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு நம்பிக்கை இல்ல மாமா."

ஐயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மேலயா?"

"ச்சே, ஒங்க மேல இல்ல ஐயரே. கடவுள் மேல. ரொம்ப நாளா இல்ல. இருக்குற மாதிரி எழுந்து வந்து கையேந்துறது தப்புன்னு பட்டுது. அதான் வரல."

இவர்கள் இப்போது அவளை என்ன செய்வார்களோ, அதைத்தான் நாளைக்கு என்னையும் செய்வார்கள். சபைப் பதிவேட்டிலிருந்து பேரை வெட்டுவார்களா? பக்கத்தில் உட்கார விடுவார்களா? அம்மா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாமா ஒரு பெரிய மூச்சு விட்டார். "அவ்வளவுதானா! நான் அந்தக் கொட்டகைக்குப் போயிட்டன்னுல்லா நெனச்சேன்!"

"ஸ்தோத்திரம்!" என்றாள் அம்மா, நெஞ்சில் கைவைத்து.

சத்தியமாகச் சொல்லுகிறேன், அப்படியே நடந்தது. கடவுளே இல்லை என்றாலும் பரவாயில்லை, பக்கத்துச் சபைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்ற அந்த நிம்மதியை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. ஐயருக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அவர் தப்பும் இல்லை, அவர் இறையியல் படித்துவிட்டு வந்தவர். "உப்புப் பாக்குறவங்கதானே அசனத்துல ஜெபம் பண்ணுவாங்கன்னு சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா. நான் இந்த வருஷம் பண்ண மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள் நர்ஸக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அவள் பார்த்த வேலை அது. ஒரு தடவை கண்ணை மூடி நாலு வார்த்தை முணுமுணுத்திருந்தால் அது அவளிடமே இருந்திருக்கும்.

உப்புப் பார்க்கும் பொறுப்பு அம்மாவுக்கு வந்தது.

அசனத்தன்று என்ன நடந்தது என்றால், சமையல்காரர் குழம்புக்கு உப்புப் போட்டார். அவர் மச்சினர் அது தெரியாமல் இன்னொரு தரம் போட்டார். அம்மா உள்ளங்கையில் விட்டு நக்கினாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. சமையல்காரர் கைகட்டி நிற்கிறார், பாவம் விடியற்காலையிலிருந்து அடுப்பில் வெந்தவர். "ஸ்தோத்திரம். நல்லாருக்கு" என்றாள் அம்மா. செயலாளர் மாமா நக்கிவிட்டு இருமினார். "ருசி!" என்றார். ஐயர் தண்ணீர் கேட்டார். என் கையிலும் கொஞ்சம் விட்டார்கள். கடல் தண்ணீர்! வாய் தானாக, "நல்லாருக்கு" என்றது. சொன்ன உடனே எனக்கே வெட்கமாகிவிட்டது. விசுவாசப் பிரமாணத்தைச் சொன்ன அதே குரலில் சொல்லியிருந்தேன்.

பந்திக்கு ஆள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். நான் தேயிலைக்காட்டுக் குறுக்குவழியில் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன்.

"அக்கா, கொழம்பு உப்பு கரிக்கி. யாரும் சொல்ல மாட்டேங்காவ."

"நீ சொன்னியா?"

"இல்லக்கா."

அவளை ஒதுக்கிய இடத்துக்குத்தானே கூப்பிடுகிறோம், ஏதாவது குத்திப் பேசுவாள் என்று நினைத்தேன். "அப்பாவ முன்னாலயே கொண்டு உட்கார வச்சிட்டாவளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

வந்தாள், நக்கினாள், துப்பினாள். "இத மனுசன் திம்பானா?" என்றாள். சமையல்காரருக்கு உயிர் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மூன்று வாளிக் குழம்பை வெளியே எடுக்கச் சொன்னாள். வெந்நீர் கொதிக்க வைக்கச் சொன்னாள். தேங்காய் அரைக்கச் சொன்னாள். பிறகு கோயிலுக்குள் போய், காணிக்கையாக வந்து ஏலத்துக்கு வைத்திருந்த வட்டவடை ஊரில் விளைந்த உருளைக்கிழங்கு மூட்டை இரண்டையும் இழுத்து வந்து பிரித்துக் கொட்டினாள்.

"ஏட்டி, அது காணிக்கை!" என்று மாமா பதறினார்.

"சபைக்கு வந்தது சபை வயித்துக்குப் போகுது. அரிவாமணைய எடுங்க."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நக்கிப் பார்த்து, "சரி" என்றாள். பந்தி மொத்தமும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. உப்புப் பார்த்தவள் ஜெபம் பண்ண வேண்டும். எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். அவள் ஐயரைப் பார்த்தாள். ஐயர், "நீங்களே சொல்லுங்க" என்றார்.

"ஜெபம்னு சொல்ல மாட்டேன். வேணும்னா உள்ளதச் சொல்லுதேன்."

தலையாட்டினார். அவள் கையில் கரண்டியோடு நின்றபடி, கண்ணை மூடாமல், சொல்லத் தொடங்கினாள். விறகு வெட்டியவர்களைப் பேர் பேராகச் சொன்னாள். ஆடு கொடுத்த மாரியம்மன் கோயில் பூசாரியைச் சொன்னாள். பெரிய அண்டா இரவல் தந்த ராவுத்தரைச் சொன்னாள். உருளைக்கிழங்கு நறுக்கிய அத்தனை பெண்களையும் சொன்னாள், என் அம்மாவைச் சேர்த்து. போன வருஷம் இதே பந்தியில் இருந்து இந்த வருஷம் இல்லாமல் போனவர்களையும் சொன்னாள். கடைசியில், "எல்லாரும் நல்லாருக்கணும். சாப்பிடுங்க" என்று நிறுத்திவிட்டாள்.

ஜெபம் முடிகிற மாதிரி அது முடியவில்லை. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருத்தர் கையும் இலைக்குப் போகவில்லை. ஐயர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசை நாற்காலியிலிருந்து உபதேசியார் தாத்தா, காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில், "ஆமென்!" என்றார்.

பந்தி மொத்தமும் "ஆமென்" என்றது. ஐயரும் சொன்னார்.

நர்ஸக்கா குனிந்து அவர் காதோடு கத்தினாள்: "அப்பா, நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கல மக்கா" என்றார் அவர், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "நீ சொன்னா உள்ளதத்தான் சொல்லுவ. அதுக்கு ஆமென் சொல்லுததுக்கு என்ன?"

அவள் சட்டென்று திரும்பி அடுப்புப் பக்கம் போய்விட்டாள். புகை என்று கண்ணைத் துடைத்தாள். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

அடுத்த வருஷத்திலிருந்து மறுபடி அவள்தான் உப்புப் பார்த்தாள். டிஸ்பென்சரியை விட்ட பிறகும் பார்க்கிறாள். இராப்போஜனத்துக்கு இன்றுவரை எழுந்திருக்கவில்லை. எங்கள் அசனக் குழம்பில் அன்றிலிருந்து உருளைக்கிழங்கு உண்டு, ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று புதிதாக வந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

அன்றைக்குப் பந்தி முடிந்து, நானும் அம்மாவும் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தோம். அம்மா முழங்கை வரை கரி. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அம்மா, நானும் நர்ஸக்கா மாதிரிதான்."

"எது, வாய்த்துடுக்கா?"

"இல்லம்மா. நம்பிக்கை. எனக்கும் இல்ல. ரெண்டு வருஷமா."

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். குழாய்த் தண்ணீர் அண்டாவில் விழுந்து வழிந்து என் காலை நனைத்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காதைப் பார்த்தாள். ஈரக் கையால் என் கம்மலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொட்டகைப் பக்கம் போகலல்லா?"

"இல்லம்மா."

"சரி. ஒனக்கும் சேத்து நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன். நீ அந்தப் பக்கத்துக் காதப் பிடி. அண்டாவக் கவுக்கணும்."